பழைய காரில் கிலோமீட்டர் நகரவில்லையா? கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி?

வண்டி நல்லா ஓடுது. முள் ஏறி இறங்குது. ஆனால் கிலோமீட்டர் மட்டும் மாதக்கணக்கில் ஒரே எண்ணில் நிற்கிறது. ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று பலரும் விட்டுவிடும் கோளாறு இது. வண்டியை விற்கப்போகும்போதுதான் அதன் கனம் தெரியும். அப்பாவின் பழைய காரை வாங்கி ஓட்டுபவர்களும், செகண்ட் ஹேண்டில் முதல் கார் எடுப்பவர்களும் இதைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஓடோமீட்டர் நின்றால் என்ன நஷ்டம்?

முதல் அடி சர்வீஸுக்கு. என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், டைமிங் பெல்ட் என எல்லாவற்றுக்கும் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம்’ என்றுதான் மேனுவல் கணக்கு சொல்கிறது. கிலோமீட்டர் தெரியாவிட்டால் பாதிக் கணக்கு போச்சு. ஆயில் தள்ளிப்போனால் என்ஜின் தேய்மானம் கூடும். டைமிங் பெல்ட் தள்ளிப்போய் ஓடும்போது அறுந்தால், பல என்ஜின்களில் வால்வு வளைந்து பெரிய செலவு வைக்கும்.

இரண்டாவது, இன்சூரன்ஸ். ஓட்டும் தூரத்துக்கு ஏற்ற பிரீமியம் என்ற கூடுதல் வசதிக்கு ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதி அளித்தது. அந்த வகை பாலிசி எடுத்திருந்தால் ஓடோமீட்டர் ரீடிங்தான் உங்கள் கணக்குப் புத்தகம். நின்றுபோன மீட்டரோடு கிளெய்முக்குப் போனால் கேள்விகள் வரும்.

மூன்றாவது, நம்பிக்கை. நின்ற மீட்டரைச் சொல்லாமல் விற்றால், அதுவும் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டி விற்பது மாதிரிதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, தொடக்ககால மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் இருப்பது கேபிள் மீட்டர். கியர்பாக்ஸில் உள்ள ஒரு சின்ன பல்சக்கரம், நீளமான கம்பிக் கேபிளைச் சுழற்றும். அந்தக் கேபிள் டேஷ்போர்டுக்குப் பின்னால் வந்து மீட்டரின் பின்பக்கம் சொருகியிருக்கும்.

மீட்டருக்குள் அந்த ஒரே சுழற்சி இரண்டு வேலை செய்கிறது. ஒரு காந்தத்தைச் சுழற்றி, அதன் இழுவையால் வேக முள்ளை நகர்த்துகிறது. இன்னொரு பக்கம், வரிசையான குட்டிப் பல்சக்கரங்கள் வழியே வேகம் குறைந்து எண் உருளைகளைத் திருப்புகிறது. ஜப்பானிய வகை மீட்டர்களில் கேபிள் 637 முறை சுற்றினால் 1 கிலோமீட்டர் என்பது வழக்கமான கணக்கு.

பிறகு வந்த கார்களில் கேபிள் கிடையாது. கியர்பாக்ஸிலோ சக்கரத்திலோ உள்ள சென்சார் மின்துடிப்புகளை அனுப்பும். மீட்டரில் உள்ள சிப் அதை எண்ணி, மொத்த தூரத்தைத் தன் நினைவகத்தில் எழுதிவைக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் அந்த எண் அழியாது.

கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

மெக்கானிக்கிடம் போகும் முன்பே பாதி விடை முள்ளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

1. முள்ளும் நகரவில்லை, கிலோமீட்டரும் நகரவில்லை: ‘மீட்டர் கேபிள் கட் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். கேபிள் அறுந்திருக்கும், அல்லது ஏதாவது ஒரு முனையில் கழன்றிருக்கும். கேபிள் சரியாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

2. முள் வேலை செய்கிறது, கிலோமீட்டர் மட்டும் நிற்கிறது: கேபிள்மேல் பழி போட வேண்டாம். மீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் விரிசல் விடும். வண்டி ஓடும்போது ட்ரிப் பட்டனை அழுத்தினாலும் சில மீட்டர்களில் பல் உடையும்.

3. முள் துள்ளுகிறது, டேஷ்போர்டில் கீச்சுச் சத்தம்: கேபிள் காய்ந்துவிட்டது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. அறுவதற்கு முந்தைய எச்சரிக்கை இது.

4. டிஜிட்டல் மீட்டரில் எண்ணே தெரியவில்லை: திரை மட்டும் போயிருக்கலாம். உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கக்கூடும்.

5. டிஜிட்டல் மீட்டரில் வேகமும் தூரமும் சேர்ந்து நின்றுவிட்டன: ஓபிடி வசதி உள்ள காரென்றால் ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஸ்கேனரில் வேகம் தெரிந்தால் சென்சார் ஓகே, மீட்டரில்தான் பிரச்சினை. அதிலும் தெரியவில்லை என்றால் சென்சார், ஒயர், கனெக்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

கேபிள் வேலை எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். மீட்டர் பின்பக்கமும் கியர்பாக்ஸ் பக்கமும் கேபிளைக் கழற்றி, அதே மாடலுக்கான, அதே நீளமுள்ள புதிய கேபிளைப் போட வேண்டும். உள்கம்பியில் மெல்லிய அளவு கிரீஸ் போதும். அதிகம் போட்டால் அது கேபிள் வழியே மேலேறி மீட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். பொருத்தும்போது கேபிளைக் கூர்மையாக மடக்கக் கூடாது.

பல்சக்கரம் மாற்றுவது பொறுமையான வேலை. வேக முள்ளைத் தப்பாகப் பிடுங்கினால் பிறகு வேகம் தவறாகக் காட்டும். முன்பழக்கம் இல்லாதவர்கள் மீட்டர் ரிப்பேர் மட்டுமே செய்யும் கடையில் கொடுப்பது நல்லது. உடைந்த சக்கரத்தின் பற்களை எண்ணி, அதே எண்ணிக்கையுள்ள சக்கரத்தையே போட வேண்டும். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வொரு கிலோமீட்டரும் தப்பாகும்.

மீட்டரை மாட்டும் முன்பே சோதித்துவிடலாம். 637 கணக்குள்ள மீட்டர் என்றால், கேபிள் சொருகும் துளையைச் சரியான திசையில் சுமார் 64 முறை சுற்றினால் 100 மீட்டர் இலக்கம் ஒன்று நகர வேண்டும்.

வண்டியில் மாட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஒரு ரவுண்டு போங்கள். மைல்கல்லைப் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று ஒப்பிடுங்கள். வேகத்தைப் பக்கத்தில் இருப்பவர் போனில் ஜிபிஎஸ் வைத்துச் சரிபார்க்கட்டும்.

பழைய மீட்டரை மாற்றினால் எந்த எண் இருக்க வேண்டும்?

சிக்கல் தொடங்குவது இங்கேதான். காயலான் கடையிலிருந்து வேறு மீட்டர் எடுத்து மாட்டினால், அந்த வண்டி ஓடிய தூரம் உங்கள் வண்டியில் தெரியும். புது மீட்டர் என்றால் பூஜ்யம். இரண்டுமே உண்மை இல்லை.

மாற்றும் முன் பழைய மீட்டரை ரீடிங் தெரியும்படி போட்டோ எடுங்கள். ரிப்பேர் பில்லில் தேதி, பழைய ரீடிங், புதிய ரீடிங் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மீட்டர் நின்றிருந்த காலத்துக்கு பெட்ரோல் கணக்கு உதவும். மாதம் 40 லிட்டர் போட்டு, லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தால் மாதத்துக்கு 560 கிலோமீட்டர். பத்து மாதம் நின்றிருந்தால் சுமார் 5,600. இது உத்தேசக் கணக்குதான். சர்வீஸ் புத்தகத்தில் ‘உத்தேசம்’ என்றே எழுதிவையுங்கள்.

‘சார், அப்படியே ஒரு முப்பதாயிரம் குறைச்சு வெச்சுடவா?’ என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரீடிங்கைக் குறைத்து, அதை மறைத்து விற்பது மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு, ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ பெறுவதற்கு 7 ஆண்டுவரை சிறைத் தண்டனை விதிக்கிறது. டீலரிடம் வாங்கி ஏமாந்தவர்கள் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் புகார் செய்யலாம்.

வாங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

ரீடிங்கை மட்டும் நம்பாதீர்கள். பழைய சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எண் எங்கேயாவது பின்னால் போயிருந்தால் விளக்கம் கேளுங்கள். 35,000 காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட் அமுங்கியிருந்தால் கணக்கு உதைக்கிறது. டெஸ்ட் டிரைவில் ஐந்து கிலோமீட்டராவது ஓட்டி, எண் நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பலர் என்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

மீட்டர் ஒருமுறை நின்று, சரிசெய்யப்பட்டு, பில்லும் போட்டோவும் ஒழுங்காக இருக்கும் வண்டி என்றால் தயங்க வேண்டியதில்லை. ரிப்பேரை மறைக்காமல் சொல்பவர் வண்டியின் மற்ற விஷயங்களையும் சொல்ல வாய்ப்பு அதிகம்.