முழங்காலும் முதுமையும்

உடப்பிலே வாழ்க்கை மணலோடும் தரையோடும் பின்னிப் பிணைந்தது. கரைவலை இழுத்த கால்களும், மீன் அரியவும் கருவாடு உலர்த்தவும் நாளெல்லாம் குந்தியிருந்த முழங்கால்களும் முதுமையில் தேய்ந்து நோவது வியப்பன்று.

எனது பெரியம்மா ஒருவருக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. மூன்று மாதங்களில் வீதியில் தடியின்றி நடந்தார். ஆயினும் ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் ஆலயத்துக்கு வர மறுத்துவிட்டார். காரணம் வினவினேன். "நடக்கலாம் தம்பி, கீழே இருந்தால் எழும்ப ஏலாது. நாலு பேர் தூக்கிவிட வேண்டுமா?" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. தேய்ந்த எலும்பு முனைகளை மெல்லிதாகச் சீவி, உலோக உறைகளைப் பொருத்தி, இடையே பிளாஸ்டிக் தட்டு வைப்பதே இச்சிகிச்சை. சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 70 பாகை மடங்கினாற் போதும். கதிரையிலிருந்து எழ 90 பாகைக்கு மேல் வேண்டும். குந்தவோ 130 பாகைக்கு மேல் வேண்டும். புதிய மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரையே மடங்கும். ஆகவே நடை திரும்பினும் தரை திரும்புவதில்லை.

இந்தியப் பிரதமராயிருந்த வாஜ்பாய் அவர்களுக்கு 2000ஆம் ஆண்டில் இடது முழங்காலும், 2001இல் வலது முழங்காலும் மும்பாயில் வைத்தியர் சித்தரஞ்சன் ரணாவத் அவர்களால் மாற்றப்பட்டன. அதன்பின்னும் 2004 வரை அவர் பதவி வகித்தார். ஆனால் பிரதமர் செல்லுமிடமெல்லாம் கதிரை உண்டு. நம் கிராமத்துத் தாய்க்கு அடுக்களையிற்கூட அஃது இல்லையே!

புதிய மூட்டுகளில் நூற்றுக்கு எண்பது வரை இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கின்றன என ஆய்வுகள் கூறும். எனினும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நோவு முற்றாக நீங்குவதில்லை. அத்தகையோரைச் சோம்பேறிகள் எனக் கடிதல் தகாது.

வீட்டார் செய்யத்தக்கவை சிலவே. முதல் மாதங்களில் மடக்கி நீட்டும் பயிற்சியை நாள்தோறும் உடனிருந்து செய்வித்தல்; உயர்ந்த கதிரையும் கட்டிலும் அமைத்தல்; மலசலகூடத்தில் கொமட்டும் கைபிடிக் கம்பியும் பொருத்துதல்; அரிவதற்கும் ஆய்வதற்கும் மேசை ஒன்று கொடுத்தல். வேலையைப் பறித்துவிட்டு ஓய்வைக் கொடுப்பது அன்பாகாது.

மறு ஆண்டு ஆடியில் நாங்களே ஒரு கதிரையைச் சுமந்து சென்று ஆலய மண்டபத்தோரத்தில் வைத்தோம். பெரியம்மா வந்தமர்ந்தார். சற்று நேரத்தில் அயல்வீட்டு முதியவர் இருவரும் தங்களுக்கும் கதிரை கேட்டனர். கதிரையிலிருந்து கும்பிடுவதால் பக்தி குறைந்துவிடாது; இளைஞர்களே, அதனைக் கொண்டுவந்து வைப்பது உங்கள் கடமையாகும்.