முன்சீட்டில் இருப்பது யார்?

முன்சீட்டில் காய்கறிப் பையை வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினால், பெல்ட் போடச் சொல்லி அலாரம் கத்துகிறது. சீட்டில் கனம் ஏறியிருப்பது மட்டும்தான் காருக்குத் தெரியும். அது ஆளா, அரிசி மூட்டையா என்று தெரியாது. சில கார்களில் இதைப் பிரித்தறியும் அளவுக்கு சென்சார்கள் வளர்ந்ததற்குப் பின்னால் பல குழந்தைகளின் மரணம் இருக்கிறது.

ஏர்பேக் விரிவதற்கு ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. பெல்ட் போட்ட பெரியவர்களைக் காக்கும் அந்த வேகம், டேஷ்போர்டை ஒட்டியிருக்கும் குழந்தையின் கழுத்தை முறித்துவிடும். 1990 முதல் 2008 வரை அமெரிக்காவில், மெதுவான மோதல்களில் ஏர்பேக் விரிந்ததாலேயே 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 80 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள்.

இதனால் 2000-ல் அந்நாட்டு அரசு புதிய விதி கொண்டுவந்தது. முன்சீட்டில் குழந்தை இருந்தால் ஏர்பேக் அணைந்துவிட வேண்டும், அல்லது காயப்படுத்தாத அளவுக்கு மென்மையாக விரிய வேண்டும்.

கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சில கார்களில், சீட் மெத்தைக்கு அடியில் திரவம் நிரப்பிய தட்டையான பை ஒன்று இருக்கும். ஆள் உட்கார்ந்ததும் அதில் ஏறும் அழுத்தத்தை சென்சார் அளக்கும். வேறு சிலவற்றில், மெல்லிய விரிப்பு முழுக்க உணர்புள்ளிகள் இருக்கும். எங்கெங்கே எவ்வளவு அழுத்தம் என்பதைக் கொண்டு அது பெரியவரா, குழந்தை இருக்கையா என்று கணிக்கும். சீட்டின் நான்கு கால்களிலும் எடை அளக்கும் சென்சார் வைப்பதும் உண்டு. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், மின்புலத்தில் அது உண்டாக்கும் மாற்றத்தை வைத்தே ஆளை அறியும் முறையும் இருக்கிறது.

குழந்தை இருக்கையை பெல்ட்டால் இறுக்கிக் கட்டினால் அதன் அழுத்தம் பெரியவரின் எடைபோலத் தோன்றும். அந்தக் குழப்பம் வராதிருக்க, பெல்ட்டின் இறுக்கத்தை அளக்கவும் தனி சென்சார் வைத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தவறு நேரலாம். பெரியவர் உட்கார்ந்திருந்தும் சீட் காலி என்று கணிக்கக்கூடிய கோளாறுக்காக, 2016-ல் நிசான் அமெரிக்காவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது.

மடியில் வேண்டாம்

நம் நாட்டில் ஓடும் பல கார்களில், முன்சீட் சென்சாரின் வேலை பெல்ட்டை நினைவூட்டுவது மட்டுமே. ஏர்பேக்கை அது அணைக்காது. அந்த நினைவூட்டலையும் டம்மி கிளிப் செருகி ஊமையாக்குகிறோம். இத்தகைய கிளிப்புகளை விற்ற 5 இணைய விற்பனை நிறுவனங்கள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் நடவடிக்கை எடுத்தது. அலாரத்தை அடக்கலாம், மோதலின் வேகத்தை அடக்க முடியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது. 55 கிலோ அம்மாவும் 12 கிலோ குழந்தையும் எடை அளக்கும் சென்சாருக்கு 67 கிலோ எடையுள்ள ஒரே ஆள். ஏர்பேக் முழு வேகத்தில் விரியும்; முதலில் அடி வாங்குவது குழந்தைதான். இதை எடையால் கண்டறிய வழியில்லை, நாம்தான் தவிர்க்க வேண்டும். குழந்தைக்கு உரிய இடம் பின்சீட், அதுவும் அதன் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற இருக்கையில். கார் வாங்கும்போதே அந்த இருக்கைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.