பிறையும் மாரியும்

கார்த்திகை பிறந்துவிட்டால் கல்முனைக் கரையிலே வாடைக்காற்று வலுக்கின்றது. கடல் கொந்தளிக்கின்றது, தோணிகள் கரையேறுகின்றன, மேற்கே வயல்களில் பெரும்போக நெற்பயிர் பசுமை கொள்கின்றது. இக்கரையில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் அயலவராய் வாழ்கின்றனர். ஒரே மழையில் நனையும் இவ்விரு சாராரும் மாதங்களை எண்ணும் முறையில் வேறுபடுகின்றனர். அவ்வேற்றுமையின் பொருளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டோ?

தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. ஆதலின் மார்கழி என்றும் மாரியிலேயே வரும். ஹிஜ்ரி மாதமோ பிறையைப் பின்பற்றுவது. பன்னிரண்டு பிறைகளுக்கு 354 அல்லது 355 நாட்களே ஆகையால், அவ்வாண்டு ஏறக்குறைய 11 நாள் முந்திவிடுகின்றது. 2000ஆம் ஆண்டில் டிசம்பர் மழையிலே நோற்ற றமழான் நோன்பை, 2015இல் கச்சான் காற்றடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் நோற்றனர். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதத்தில் ஏறும் கொடியும் இவ்வாறே பருவந்தோறும் இடம் பெயர்கின்றது. ஏறக்குறைய 33 ஆண்டுகளில் இச்சுற்று நிறைவுறும். இதனால் நெடும்பகல் நோன்பு எந்நாட்டவர்க்கும் நிரந்தரச் சுமையாவதில்லை. ஆயினும், நெல் விதைக்கும் முஸ்லிம் போடியார் மழையைப் பார்த்தே விதைக்கின்றார்; பிறையைப் பார்த்தன்று.

பிறையையும் பருவத்தையும் ஒருங்கே பேண வழியுண்டா? யூதர்களின் எபிரேய நாட்காட்டி அம்முயற்சியே ஆகும். அவர்களும் பிறையைக் கொண்டே மாதங்களை அமைத்தனர். ஆனால் பஸ்கா விழா இளவேனிலில் வருதல் வேண்டும் என்பது அவர்தம் மறை விதி. எனவே 19 ஆண்டுகளில் 7 முறை ஆதார் மாதத்தை இரட்டித்து, 13 மாதங்கள் கொண்ட ஆண்டாக்கினர். பஸ்கா நிலைபெறவே, மற்றை மாதங்களும் தத்தம் பருவத்தில் நிலைபெற்றன.

அவர்தம் தாயகத்திலும் நம் கரையைப் போலவே குளிர்காலந்தான் மழைக்காலம். அக்காலத்து மாதங்கள் மூன்று. கிஸ்லேவு மாதத்து 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள் விளக்கேற்றுவர், கி.மு. 164 அளவில் எருசலேம் ஆலயம் மீட்கப்பட்டதன் நினைவு அது. தேபேத் 10ஆம் நாள், பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் அந்நகரை முற்றுகையிட்டதை நினைந்து நோன்பிருப்பர். சேபாத் 15ஆம் நாள் மரங்களின் புத்தாண்டு. மழையின் பெரும்பகுதி பெய்து முடிய, வாதுமை பூக்கும் காலம். ஒளி, துயர், தளிர் என்று அவர்தம் மாரி நடக்கின்றது. கார்த்திகை விளக்கும் தைப்பொங்கலும் கண்ட நமக்கு இம்முறை அந்நியமானதன்று.

நடுவிலுள்ள துயரும் இக்கரைக்கு அந்நியமானதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் ஒருங்கே அழுதன. அன்று முழுமதி நாள். இந்துக்களுக்கு அது மார்கழி 11. முஸ்லிம்களுக்குத் துல்கஃதா மாதத்து நடுப்பகுதி. யூதர்களுக்குத் தேபேத் 14. நாட்காட்டிகள் மூன்றாயினும் அலை ஒன்றே.

மார்கழியைக் கொண்டு எண்ணுவோர்க்கு அத்துயர நாள் என்றும் மழையோடு வரும். துல்கஃதாவைக் கொண்டு எண்ணினாலோ, 2024இல் அது மே மாதத்து வெயிலில் வந்தது; மீண்டும் டிசம்பர் மழைக்குத் திரும்ப 2037 ஆகும். ஒன்று துயரை அதன் பருவத்திலேயே வைத்துப் போற்றுகின்றது. மற்றொன்று எல்லாப் பருவங்களிலும் அதனை உடன்கொண்டு செல்கின்றது. இவற்றுள் எது சரி என்று வினவுதல் பொருந்தாது. பிள்ளையை இழந்த தாய்க்கு இரண்டும் உண்மையே.

மாணவர்களே, உங்கள் வீட்டு நாட்காட்டியோடு அயல்வீட்டு நாட்காட்டியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அயலவர் எந்நாளில் விளக்கேற்றுகின்றார், எந்நாளில் பசித்திருக்கின்றார், எந்நாளில் அழுகின்றார் என்பதை அறிந்தவரே அவரோடு ஒன்றி வாழ வல்லவர்.