மாணவ முதல்வர் பதவிக்கு விண்ணப்பித்தல்

யூபிலி மலருக்கு எழுதும் பழைய மாணவர், தாம் கல்லூரியில் வகித்த பதவிகளை நினைவுகூர்தல் வழக்கம். அப்பதவிகளை வேண்டி எவ்வாறு விண்ணப்பித்தனர் என்பதை எழுதுவார் அரியர். வேலணையிற் பிறந்து, பண்ணைப் பாலங் கடந்து நகரத்துக் கல்லூரியிற் பயின்ற நாம் அக்குறையை ஒருவாறு நிரப்ப விழைகின்றோம். எம்முடன் பயின்ற தீவகத்து நண்பர் ஒருவர், எம்மினும் பலபடி தக்கவர், எழுதிய விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், கொடுக்கவில்லை. "எங்களுக்கு யார் தரப்போகிறார்கள்?" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம்.

மாணவரைக்கொண்டு மாணவரை நெறிப்படுத்தும் முறை மேனாட்டார் தந்தது என்று பலர் எண்ணுவர். அது முற்றிலும் உண்மையன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கன் ஒருவன், சட்டாம்பிள்ளை என்னும் பெயரோடு, இளையோர்க்கு மணலில் எழுத்தெழுதக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய அந்திரு பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கவும் வகைசெய்தார். 1797 இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்றது. பின்னர், 1828 இல் இங்கிலாந்தின் ரக்பிப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த தோமஸ் ஆர்னல்ட், மேல்வகுப்பு மாணவரிடம் ஒழுங்கைப் பேணும் பொறுப்பை ஒப்புவித்துப் புகழ்பெற்றார். சட்டையிற் சின்னந் தரித்த மாணவ முதல்வர், இவ்விரு மரபுகளுக்கும் உரிய பிள்ளை எனலாம்.

பதவிக்குரியாரைத் தெரிதற்கு நம்மவர் வகுத்த விதிகளும் பழையனவே. திருவள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என ஈரதிகாரங்களை இதன்பொருட்டே வைத்தார். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை, சபையின் வாரியங்களுக்கு ஆளெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையார் பெயரை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். ஆயினும் நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கன்றி மற்றையோர்க்கு அக்குடத்தில் இடமில்லை. நம் நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தபின் பள்ளிவாயில் எல்லார்க்கும் திறந்தது. ஆதலின், தகுதியிருந்தும் தன்பெயரைத் தானே குடத்திலிடாது நிற்பவன், தனக்கெதிரே தானே வாயிலை அடைத்தவனாவான்.

இனி, விண்ணப்பம் எழுதுமாறு கூறுவாம். நாம் முதலில் எழுதியது ஒரு பட்டியல்: பெற்ற பரிசுகள், ஓடிய ஓட்டங்கள், தேர்வுப் புள்ளிகள். அதனைப் படித்த ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி, "தம்பி, நீர் பெற்றதெல்லாம் எழுதியிருக்கிறீர்; செய்தது எங்கே?" என்றார். நாம் நாணி, மறுபடி எழுதினோம். மாரிகாலத்திற் பேருந்தைத் தவறவிட்ட நம்மூர்ச் சிறுவர் இருவரைக் கூட்டிச்சென்று அவரவர் வீட்டிற் சேர்த்ததையும், வகுப்பறைப் பூட்டின் திறப்பை ஓராண்டு தவறாது காத்ததையும் எழுதினோம். மிகச் சிறியன, ஆயின் அவை எம்முடைய செயல்கள்.

விண்ணப்பத்தில் நான்கு செய்திகள் அமைதல் நலம். வகுப்பும் கல்லூரியிற் பயின்ற காலமும் முதலாவது. பிறர்க்குச் செய்த பணி, காலமும் இடமும் தோன்ற, இரண்டாவது. கல்லூரியிற் கண்ட குறையொன்றும் அதனைத் தீர்க்கத் தம்மால் இயலுவதும் மூன்றாவது. அதிபராலன்றி முடியாததை வாக்களித்தல் கூடாது. பதவிக்குக் கொடுக்கக்கூடிய நேரம் நான்காவது. பள்ளி தொடங்குமுன் வாயிலில் நிற்றல் வேண்டுமாதலின், சரவணையிலிருந்தோ புங்குடுதீவிலிருந்தோ வருபவர் தம் முதற் பேருந்தைக் கணக்கிட்டு உண்மையை எழுதுக. தூரத்தை மறைத்துப் பதவி பெற்றவன், இரண்டாம் வாரத்திலேயே பிந்தி வருவான். தந்தையார் செல்வாக்கை நாடுதலும், பிறர் விண்ணப்பத்தைப் பார்த்தெழுதுதலும் விலக்கத்தக்கன.

நேர்முகத்தில், "உம் நண்பன் பிந்தி வந்தால் என் செய்வீர்?" என்பது பெரிதும் கேட்கப்படும் வினா. விட்டுவிடுவேன் என்பதும், தண்டிப்பேன் என்பதும் பிழையான விடைகளே. பெயரைக் குறித்துக்கொண்டு, காரணத்தைக் கேட்டு, இரண்டையும் ஆசிரியரிடம் சொல்லுதலே முறை. நயினாதீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி வருபவனுக்குக் கடலும் காற்றும் காரணமாகலாம். அடிக்கும் உரிமை மாணவ முதல்வர்க்கு இல்லை. 2005 ஆம் ஆண்டில் வந்த கல்வியமைச்சின் சுற்றறிக்கை ஆசிரியர்க்கே உடற்றண்டனையை விலக்கிற்று.

தெரிவாகாதவர் மனந்தளரற்க. சின்னம் இன்றியும் தலைமை உண்டு. 1924 இல் ஹண்டி பேரின்பநாயகமும் அவர் தோழரும் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசைத் தொடங்கியபோது, அவர்க்கு எந்த அதிபரும் பதவி வழங்கவில்லை. சாதி வேற்றுமையை எதிர்த்து நின்ற அவ்வியக்கத்தார், 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தனர். பிற்காலத்திற் பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார்.

எம் நண்பரைப்பற்றி ஒன்று கூறி முடிப்போம். நாம் சின்னந் தரித்த ஆண்டில், சிறுவர் தம் பிணக்குகளைத் தீர்க்க எம்மிடம் வரவில்லை, அவரிடமே சென்றனர். கல்லூரி அவரை நிராகரித்ததன்று. அவர் பெயரைக் கல்லூரி அறியவே இல்லை. அந்நட்டம் அவருக்கன்று, கல்லூரிக்கே. ஆதலின், இதனைப் படிக்கும் தீவகத்துத் தம்பியரே, தங்கையரே, மடித்து வைத்த விண்ணப்பம் உங்கள் பையில் இருப்பின், நாளைக் காலையே கொண்டுபோய்க் கொடுங்கள்.