சின்னக் காருக்குப் பாட்டு: சிக்கனமாகத் திட்டமிடுவது எப்படி?

நம் சங்க உறுப்பினர்களில் பலர் இன்று சிறிய கார் வைத்திருக்கிறார்கள். ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்ற வண்டிகளை ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சரக்கு எடுக்கப் போவதும் அதில்தான், குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதும் அதில்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாமல் இருக்கப் பாட்டு ஒன்றுதான் துணை. ஆனால் குறைந்த விலைக் கார்களில் கம்பெனியே பொருத்தித் தரும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கும்; குறைத்தால் சாலை இரைச்சலில் பாட்டு காணாமல் போகும்.

ஆகவே "நல்லதாக ஒன்று மாற்றலாம்" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பது நியாயமே. கேள்வி, எவ்வளவு செலவு என்பதல்ல. எந்த வரிசையில் செலவு என்பதுதான். வரிசை தவறினால் 40,000 ரூபாய் போட்டாலும் பலன் இருக்காது. வரிசை சரியாக இருந்தால் 20,000 ரூபாயில் திருப்தியான பாட்டு கேட்கலாம். அதோடு, தவறான இடத்தில் மிச்சம் பிடித்தால் வண்டிக்கே ஆபத்து. இந்த இரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய நாளும் இந்த நாளும்

பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் ஏற்பட்ட பர்மா பஜார் நம் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தபோது, அதற்கு வெளிநாட்டு டேப் ரிக்கார்டர் வேண்டும் என்றவர்கள் அங்கேதான் போனார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. பில் கிடையாது, கியாரண்டி கிடையாது. 1991-க்குப் பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. இன்று சோனி, பயோனியர், ஜே.பி.எல். போன்ற கம்பெனிச் சரக்குகள் முறையான விற்பனையாளர்களிடம் ஜி.எஸ்.டி. பில்லோடும் கியாரண்டி அட்டையோடும் கிடைக்கின்றன. அண்ணா சாலை பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் உபகரணக் கடைகள் வரிசையாக உள்ளன. எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்பது நமக்குப் புதிதல்ல.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வாட்ஸ் கணக்கு. செட்டின் பெட்டி மேல் "50 வாட்ஸ் x 4" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம் பாஷையில் சொன்னால், சாக்கோடு சேர்த்த எடை. சாக்கு போக நிற்கும் நிகர எடைக்கு அந்தத் தொழிலில் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்று பெயர்.

அந்த 50 எங்கிருந்து வருகிறது? என்ஜின் ஓடும்போது காரின் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். சாதாரண கார் ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84 வரும். இது காகிதத்தில் வரும் உச்சக் கணக்கு. அந்த அளவில் பாட்டு வராது. வெறும் கரகரப்புதான் வரும். அதே செட் தெளிவாகத் தரக்கூடியது ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 18 முதல் 20 வாட்ஸ்தான். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத பெரும்பாலான செட்டுகளுக்கு இதுதான் நிலைமை.

பொட்டலப் பொருளில் நிகர எடையை அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. பாட்டுப் பெட்டி வாங்கும்போது அந்த நிகர எடையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். "ஆர்.எம்.எஸ். எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேட்டால், 1000 வாட்ஸ் என்று சொன்ன சரக்கு பல சமயம் நூறுக்கு இறங்கிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு அது சிறிய மாற்றம். சத்தம் இருமடங்கு என்று காது உணர வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆனால் ஸ்பீக்கரின் பெட்டியில் "சென்சிடிவிட்டி" என்று ஓர் எண் இருக்கும். 87 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்ஸில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸிலேயே தந்துவிடும். இந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் பாதி ஆம்ப்ளிஃபயர் செலவு மிச்சம்.

எந்த வரிசையில் செலவு?

கையில் 20,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் வரிசை மாறாது.

முதலாவது, முன்கதவு ஸ்பீக்கர்கள். ஏறத்தாழ 6,000 ரூபாய். ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் கேட்பது முன்பக்கத்துச் சத்தத்தைத்தான். பின்பக்கத்தில் பெரிய ஓவல் ஸ்பீக்கர் வைத்து முன்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது பலர் செய்யும் வீண்செலவு. முதுகுக்குப் பின்னால் இருந்து பாட்டு வரும். பாடுகிறவர் குரல் தெளியாது. கதவில் இடம் இருந்தால் ஆறரை அங்குலத்தில், ட்வீட்டர் தனியாக உள்ள செட் நல்லது. நம் பகுதி கடற்கரை. ஈரக் காற்றில் காகிதக் கூம்பு சீக்கிரம் நமத்துப் போகும். பாலிபுரொப்பிலீன் கூம்பு உள்ளதாகப் பார்க்கவும்.

இரண்டாவது, கதவுக்குள் ஒட்டும் வேலை. ஏறத்தாழ 3,000 ரூபாய். கடையில் "டாம்பிங் ஷீட்" என்று கேட்டால் தருவார்கள்; ஒருபுறம் அலுமினியமும் மறுபுறம் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பரும் கொண்ட விரிப்பு. ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. தகரம் அதிர்ந்து, துவாரம் வழியே காற்று ஓடினால் எந்த ஸ்பீக்கரிலும் தவில், மிருதங்கத்தின் தொப்பி ஒலி நிற்காது. கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் எல்லோரும் தவிர்ப்பது இதைத்தான். ஆனால் போட்ட ரூபாய்க்கு அதிகப் பலன் தருவதும் இதுதான். ஒன்றை மட்டும் கவனிக்கவும்: கதவின் அடியில் மழைநீர் வடிய சிறு துளைகள் இருக்கும். அவற்றை அடைத்துவிட்டால் கதவு துருப்பிடிக்கும்.

மூன்றாவது, நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர். ஏறத்தாழ 7,000 ரூபாய். சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். இருந்தால் சின்னக் காருக்குத் தாராளம். புதிய கார்களில் டச் ஸ்கிரீன் டாஷ்போர்டோடு சேர்ந்தே வருகிறது. அதைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் "ஹை லெவல் இன்புட்" உள்ள ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் பழைய செட்டே போதும். கம்பெனி வயரை வெட்டாமல், கப்ளர் வைத்து இணைக்கச் சொல்லவும். வயரை வெட்டினால் கார் கியாரண்டிக்குச் சிக்கல் வரலாம்.

நான்காவது, வயரும் ஃபியூசும். 2,500 ரூபாய். மீதி 1,500 கூலி. இந்த நான்காவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுக்கிறார்கள். சின்னக் கார் பேட்டரி 35 ஆம்பியர் அவர்தான் என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. அந்த வயர் எங்காவது உராய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டால் நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். வயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். டிக்கியில் எண்ணெய் டின்னும் அட்டைப் பெட்டியும் ஏற்றுகிற நமக்கு இது விளையாட்டல்ல.

இதைத் தடுப்பது சில நூறு ரூபாய் ஃபியூஸ். அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் போட்டால் வழியில் உள்ள வயருக்குப் பாதுகாப்பு இல்லை. என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வயர் நுழையும் துவாரத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

வயரிலும் கலப்படம் உண்டு. மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் அதே தடிமனில் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதனால் சூடாகும். கண்டுபிடிப்பது எளிது. இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கையில் தூக்கினாலும் தெரியும். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குதான். எடை பார்த்துப் பழகிய கை நம்முடையது. முழுச் செம்பு வயர், 8 கேஜ் தடிமன், மேலே சொன்ன ஆம்ப்ளிஃபயருக்குப் போதும்.

உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சைக் களிம்பு பிடிக்கும். வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றுவதை ஏற்க வேண்டாம். லக் வைத்து அழுத்தி, மேலே சுருங்கும் குழாய் போடச் சொல்லவும். எர்த் வயர் இணைக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இறுக்கிய பின் கிரீஸ் தடவவும்.

அடுத்தது மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னையில் பல தெருக்களில் வண்டிகள் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் முதலில் மூழ்குவது அதுதான். பின்சீட்டின் முதுகுப்புறம் உயரமாகப் பொருத்தவும்.

ஊஃபர் வேண்டுமா?

பிள்ளைகள் அடுத்துக் கேட்பது ஊஃபர். ஆல்ட்டோ 800 காரின் டிக்கி மொத்தமே 177 லிட்டர். அதில் 12 அங்குல ஊஃபர் பெட்டி ஏறத்தாழ கால்வாசி இடத்தை எடுத்துக்கொள்ளும். சரக்கு ஏற்றும் வண்டிக்கு அது ஒத்துவராது. சீட்டுக்கு அடியில் வைக்கும் சிறிய ஊஃபர் உண்டு. தண்ணீர் தேங்காத தெருவில் இருப்பவர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம். கதவு வேலை சரியாகச் செய்திருந்தால் கானாப் பாட்டின் தாளத்துக்குக் கதவு ஸ்பீக்கரே போதும் என்பது பலருக்கு அப்போதுதான் தெரியும்.

சத்தத்துக்கும் எல்லை உண்டு. 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காது கெடும் என்பது மருத்துவக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். ஸ்டான்லி மருத்துவமனை வழியாகத் தினம் போகிறவர்கள் நாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் வரும் டிரெய்லர் லாரியின் ஹாரன் நம் காதில் விழ வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு? சென்சிடிவிட்டி எவ்வளவு?
2. வயர் முழுச் செம்பா? ஒரு இழையைச் சுரண்டிக் காட்டுங்கள்.
3. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து எத்தனை அங்குலத்தில் வரும்?
4. கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளரில் இணைப்பீர்களா?
5. ஜி.எஸ்.டி. பில், கியாரண்டி அட்டை இரண்டும் உண்டா? கூலி தனியா, சேர்த்தா?

கேட்டுப் பார்ப்பதற்கு நமக்குப் பழக்கமான பாட்டை நம் போனிலேயே கொண்டு போக வேண்டும். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். நூறு தடவை கேட்ட பாட்டில்தான் குரல் தெளிவும் குறையும் தெரியும். வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டுக் கேட்கவும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது "உய்ய்" என்று ஒரு சத்தம் கூடவே ஏறினால் பெரும்பாலும் எர்த் இணைப்புதான் சரியில்லை. அங்கேயே சரிசெய்யச் சொல்லலாம்.

முழுத்தொகையும் ஒரே நாளில் போட வேண்டும் என்பதில்லை. இந்தத் தீபாவளிக்கு ஸ்பீக்கரும் கதவு வேலையும், பொங்கலுக்கு ஆம்ப்ளிஃபயரும் என்று பிரித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வேலை முடிந்ததுமே மாற்றம் தெரியும். சிலர் அதோடு நின்றுவிடுவார்கள், 11,000 ரூபாய் கையில் மிஞ்சும். கடை முதலைத் தொடாமல், லாபத்தில் ஒதுக்கிய பணத்தில், நிகர எடை பார்த்து வாங்கினால் பாட்டும் நன்றாக இருக்கும், கணக்கும் நேராக இருக்கும்.