பிறப்புச் சான்றிதழில் பிழை எங்கே நுழைகிறது?

பிரசவ வார்டில் விவரம் கேட்டு வருபவருக்குப் பல சமயம் பதில் சொல்வது தாய் அல்ல, ஃபிளாஸ்க்கோடு நிற்கும் பாட்டிதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் தன் வீட்டு முகவரியையே நிரந்தர முகவரியாகச் சொல்லிவிடுவார். மாப்பிள்ளை பெயர் குமார் என்பார். ஆதாரில் அவர் முத்துக்குமாரசாமி.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையைப் பற்றி 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டியவர் அந்த மருத்துவமனையின் பொறுப்பு அலுவலர். பதிவாளர் குழந்தையைப் பார்ப்பதில்லை. வந்த படிவத்தைத்தான் பார்க்கிறார். வார்டில் நுழைந்த பிழை அப்படியே பதிவேட்டில் ஏறிவிடும்.

தேதியும் தப்பும். விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தையை ‘வெள்ளிக்கிழமை ராத்திரி பிறந்தது’ என்பார்கள் வீட்டில். பஞ்சாங்கத்துக்குச் சூரியன் உதித்தால்தான் மறுநாள். பதிவேட்டுக்கோ நள்ளிரவு 12 தாண்டினாலே சனிக்கிழமை. ஜாதகத்துக்காக நர்ஸிடம் நிமிடக் கணக்குக் கேட்கிறவர்கள், படிவத்தில் தேதி என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை! எடையிலும் இதே கதை. 2,460 கிராமை ‘ரெண்டரை கிலோ’ என்று எழுதினால், எடை குறைந்த குழந்தை ஒன்று கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. 2,500 கிராம்தான் அதற்கான எல்லை.

முன்பெல்லாம் பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்தார்கள். 2023 திருத்தச் சட்டத்துக்குப் பின் அது நடக்காது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்த ஒரு சான்றிதழே ஆதாரம். திருத்த வழி உண்டு. ஆனால் பழைய பதிவை அடிக்க முடியாது. ஓரத்தில் குறிப்பெழுதிப் பதிவாளர் கையெழுத்திடுவார். எழுத்துப்பிழைக்கு மேற்பட்டதென்றால், உண்மை அறிந்த இருவரின் உறுதிமொழியும் வேண்டும்.

தமிழகத்தில் பிறப்பைப் பதியக் கர்ப்பகாலத்தில் கிடைக்கும் பிக்மி எண்ணைக் கேட்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதியும்போதே கணவன், மனைவி பெயர்களை ஆதாரில் உள்ளபடி கொடுத்துவிட்டால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும். மருத்துவமனை செய்ய வேண்டியது இரண்டு: தேதியையும் எடையையும் யாரிடமும் கேட்காமல் பிரசவப் பதிவேட்டிலிருந்தே எடுப்பது, டிஸ்சார்ஜுக்கு முன் படிவத்தைத் தாயிடம் வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவது. இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும்.

குழந்தையின் பெயரை மட்டும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். அந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் பிறப்பு பதிவாகும். 12 மாதம் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம்.