சொல்லி முடித்த பாவமும் தீராத சந்தேகமும்

பட்டிப்பொலயின் விடியற்காலைக் குளிர் இங்கு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் எங்கள் ஊருடையது. அந்தக் குளிரில் என் உம்மா சுபஹுக்கு வுழூச் செய்வார். உடனே மறுபடியும் செய்வார். "முழங்கை நனைஞ்சிச்சா தெரியல்லயே மகன்" என்பார். கை வெடித்து இரத்தம் கசிந்த நாட்களும் உண்டு. நாங்கள் அதைப் பேணுதல் என்றே நினைத்திருந்தோம்.

அண்மையில் என்னோடு படிப்பிக்கும் கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் சொன்னது அந்த நினைவைக் கிளறியது. "சேர், எங்கம்மா ஒரே பாவத்த நாற்பது வருசமா சுவாமிகிட்ட சொல்லிக்கிட்டே இருக்காங்க. சரியா சொன்னேனான்னு சந்தேகம். இப்ப சுகமில்ல, சாகப் பயப்படுறாங்க." அது என்ன பாவமென்று மகளுக்குத் தெரியாது. குருவானவரும் சொல்ல மாட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்பது அவர்களது திருச்சபைச் சட்டம்.

இந்தத் தவிப்பு எங்கிருந்து வருகிறது? 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒரு தடவையேனும் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட வேண்டும் என்று விதித்தது. நன்கு யோசித்து, நினைவுக்கு வரும் சாவான பாவங்கள் அனைத்தையும் சொல்ல வேண்டும் என்று திரெந்து சங்கம் 1551இல் தெளிவுபடுத்தியது. உண்மையாகவே மறந்து போனவையும் அந்த மன்னிப்புக்குள் அடங்கும் என்றும் அதே சங்கம் சொன்னது. ஆனால் பயந்த உள்ளம் இரண்டாவதை விட்டுவிடும். முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்ளும். "நன்கு யோசித்தேனா?" என்ற கேள்விக்கு முடிவே இல்லை.

தமிழ் படித்த காலத்தில், ஆரம்ப கால அச்சு நூல்களில் ஒன்றாக 1580இல் கொச்சியில் வெளிவந்த 'கொம்பெசியோனாயரு'வைப் பரீட்சைக்காக மனனம் செய்தேன். அண்டிரிக்கி அடிகளார் எழுதிய அது, பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமாவது எப்படி என்று கற்பிக்கும் கையேடு. நம்மவர் நன்கறிந்த காயல்பட்டினத்துக்கு அயலிலுள்ள புன்னைக்காயலில் பணிபுரிந்தவர் அவர். தமிழில் அச்சு இயந்திரம் ஏறிய முதல் சில நூல்களுள் ஒன்று பாவத்தைச் சொல்லும் முறை பற்றியது என்பதன் கனம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அடிகளார் சேர்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரே இந்த நோயில் விழுந்தவர். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்லி, உயிரை மாய்க்கும் எண்ணம் வரை போனார். மிகத் தெளிவாகத் தெரியும் பழைய பாவங்களை மட்டும் சொன்னால் போதும் என்றார் குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தன! இறுதியில், பழையவற்றை இனிச் சொல்வதேயில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் மீண்டார். இந்நிலைக்கு அவர்கள் வழங்கும் இலத்தீன் சொல்லின் மூலப் பொருள் கூரான சிறு கல். செருப்புக்குள் கிடக்கும் கல் போல, சிறியதுதான், நடக்க விடாது.

சொல்ல ஆளே இல்லாவிட்டால்? 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது வருடம். அதற்குள் எத்தனை பேர் சொல்லாமலே இறந்திருப்பார்கள்! கடவுள் மீதுள்ள அன்பால் எழும் முழு மனஸ்தாபமும், வாய்ப்புக் கிடைத்தால் அறிக்கையிடும் நோக்கமும் இருந்தால் இறைமன்னிப்பு உண்டு என்பதே அவர்களது போதனை. ஆக, சொற்பிழை பார்த்து மூடும் கதவாக அவர்களது மார்க்கமும் அதை வைக்கவில்லை.

நம்மிடம் இடையில் மனிதர் இல்லை. பாவத்தை விடுதல், வருந்துதல், திரும்புவதில்லை என்று உறுதி கொள்ளுதல், பிறர் உரிமையை மீட்டுக் கொடுத்தல் என்பனவே தௌபாவின் நிபந்தனைகள். ஆனாலும் வஸ்வாஸ் நம்மை விட்டதா? அது வுழூவில் நுழைகிறது, நிய்யத்தில் நுழைகிறது. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது நம் பிக்ஹின் அடிப்படை விதி. ஸலாம் கொடுத்த பின் ரக்அத் பற்றி எழும் சந்தேகத்தை ஷாபிஈ மத்ஹப் பொருட்படுத்துவதில்லை. இஞ்ஞாசியார் மன்ரேசாவில் கண்டடைந்த மருந்தும் ஏறத்தாழ இதுவேதான்.

ஒன்றை மட்டும் கலந்துவிடக் கூடாது. ஒருவரிடம் அபகரித்த காணி, கொடுக்காத கூலி, கெடுத்த பெயர் எல்லாம் சந்தேகமல்ல, கடன். அங்கு மனம் உறுத்தினால் அதற்கு மருந்து தேடாதீர்கள். போய்க் கொடுத்து விடுங்கள். கொடுக்க எதுவும் மீதியில்லாமல் உறுத்தினால் அதுதான் செருப்புக் கல்.

ஆசிரியையிடம் இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னேன். "அம்மாவ சுவாமிகிட்ட இதையே கேக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றேன். அடுத்த வாரம் வந்து சொன்னார்: "இனிமே அந்தப் பாவத்தச் சொல்லவே கூடாதுன்னு சுவாமி கட்டளையே போட்டுட்டாராம் சேர். அன்னைக்கு ராத்திரி அம்மா நல்லாத் தூங்கினாங்க."

என் உம்மாவிடம் இப்படிச் சொல்ல அன்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் மௌத்தாகிப் பல வருடமாகிறது. உங்கள் வீட்டில் யாராவது குழாயடியில் நெடுநேரம் நின்றால், பேணுதல் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் போய், "போதும் உம்மா, வுழூக் கூடிட்டுது" என்று சொல்லுங்கள்.